பள்ளி அகப்பக்கமும் பதிப்புக் கட்டுப்பாடும்: கிளையை நீள விடாதீர்கள்



நான் அறிந்த தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் அகப்பக்கத்தை இருவரோ மூவரோ சேர்ந்து பராமரிக்கின்றனர். கணினிப் பொறுப்பாசிரியர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் முன்னாள் மாணவர் ஒருவர், வாய்ப்பிருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர். எவருக்கும் ஊதியம் இல்லை. ஒருவர் மாலையில் செய்வார். மற்றவர் வார இறுதியில் செய்வார். இருவர் வேலையும் ஒரே கோப்பில் வந்து முட்டிக்கொள்ளும்போது, “நான் செய்ததை நீங்கள் அழித்துவிட்டீர்கள்” என்ற மனக்கசப்பு எழுகிறது. தொண்டு செய்ய வந்தவர் அடுத்த மாதம் வருவதில்லை.

இதற்கு மருந்தாகப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பரிந்துரைக்கிறார்கள். நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் ஓர் அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. “ஒவ்வொரு வசதிக்கும் தனிக் கிளை தொடங்குங்கள், வேலை முழுமையாக முடிந்த பின்னர் முதன்மைக் கிளையில் சேர்த்துவிடுங்கள்” என்பதே அந்த அறிவுரை. இதன் முற்பாதி சரி. பிற்பாதிதான் பள்ளிகளின் அகப்பக்கங்களைக் கெடுக்கிறது என்பது என் கருத்து.

கலைச்சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கமிட்’ என்பதைப் பதிகை என்றும், ‘பிராஞ்ச்’ என்பதைக் கிளை என்றும், ‘மெர்ஜ்’ என்பதை ஒன்றிணைப்பு என்றும், ‘கான்ஃபிளிக்ட்’ என்பதை மோதல் என்றும் எழுதுகிறேன். வேறு நல்ல சொற்கள் ஆள்வோரோடு எனக்குச் சண்டை இல்லை.

பதிப்புக் கட்டுப்பாடு இல்லாத பள்ளியின் கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழகியிருக்கும். ‘இண்டெக்ஸ்’, ‘இண்டெக்ஸ் பாரு’, ‘இண்டெக்ஸ் பாரு 2’, ‘இண்டெக்ஸ் யாங் பெத்துல்’. மலாய் மொழியில் புதியது, சரியானது என்று பெயரிட்டு வைத்த இந்தக் கோப்புகளில் எது உண்மையிலேயே புதியது, எது சரியானது என்று எவராலும் சொல்ல முடியாது. பென்டிரைவில் ஒரு படி, புலனக் குழுவில் ஒரு படி, தலைமையாசிரியர் அறைக் கணினியில் ஒரு படி. இந்நிலையிலிருந்து கிட் மென்பொருளுக்கு மாறியதே பெரிய முன்னேற்றம்தான். அதில் ஐயமில்லை.

இருவர் ஒரே கோப்பைத் தொடுவது பழைய சிக்கல். 1982ஆம் ஆண்டில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ். மென்பொருள் அதைப் பூட்டுப் போட்டுத் தீர்த்தது. ஒருவர் கோப்பை எடுத்தால் அவர் திருப்பி வைக்கும் வரை மற்றவர் கைவைக்க முடியாது. நம் தலைமையாசிரியர்கள் பலருக்கு இம்முறை மிகவும் பிடிக்கும்; வருகைப் பதிவேட்டை ஒருவர் கையில் கொடுத்து வைப்பதைப் போன்றது. பூட்டியவர் விடுப்பில் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே பதிவேட்டை வைத்தே கற்பனை செய்துகொள்ளலாம். 1986இல் டிக் குரூன் தொடங்கிய சி.வி.எஸ்., பூட்டு இல்லாமல் பலரும் ஒரே நேரத்தில் திருத்த வழிவிட்டது. சப்வர்ஷன் 2004இல் தன் முதல் முழுப்பதிப்பை வெளியிட்டது. ஆனால் எந்த மாற்றம் எந்தக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் அதற்கு 2008இல்தான் வந்தது. அதற்கு முன்னர் கிளை பிரித்தவர்கள் அந்தக் கணக்கைக் கையால் எழுதி வைத்தார்கள். “கிளையே வேண்டாம்” என்று மூத்த நிரலாளர்கள் சிலர் இன்றும் முகம் சுளிப்பதற்கு அந்தக் காலத்து அனுபவமும் ஒரு காரணமாகும்.

2005ஆம் ஆண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கருநிரலுக்கு அதுவரை பயன்பட்டு வந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதே காரணம். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கானோரின் மாற்றங்களை விரைவாக ஒன்றிணைப்பதற்கென்றே பிறந்ததால், கிளை பிரிப்பது அதில் நொடிப்பொழுது வேலை. எளிதாக இருப்பதால்தான் நாமும் கணக்கின்றிப் பிரிக்கிறோம்.

கிட் எவ்வாறு ஒன்றிணைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் நான் சொல்ல வருவது விளங்கும். அது மூன்று படிகளை எடுத்துக்கொள்கிறது. இரு கிளைகளும் பிரிந்த இடத்தில் இருந்த மூலப்படி ஒன்று. இரு கிளைகளின் இன்றைய படிகள் இரண்டு. மூலத்தோடு ஒப்பிடும்போது ஒரு வரியை ஒரு கிளை மட்டும் மாற்றியிருந்தால், அந்த மாற்றத்தை ஏற்கிறது. இரு கிளைகளும் ஒரே இடத்தை வெவ்வேறாக மாற்றியிருந்தால், ஏழு கோணக்குறிகளும் ஏழு சமக்குறிகளும் இட்டு, இரு வடிவங்களையும் கோப்பிலேயே எழுதிக் காட்டி, “நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். எழுத்து வரிகளை அது ஒப்பிடுகிறது. அந்த வரிகளின் பொருள் அதற்குத் தெரியாது.

தள முகப்பில் உள்ள பட்டியலை எடுத்துக்கொள்வோம். ‘தொடர்புகொள்ள’ என்ற வரிக்குக் கீழே ஒருவர் ‘படத்தொகுப்பு’ என்று சேர்க்கிறார். அதே இடத்தில் மற்றவர் தம் கிளையில் ‘நாள்காட்டி’ என்று சேர்க்கிறார். கிட் மோதல் என்று அலறும். உண்மையில் இங்கு மோதலே இல்லை; இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டு குறிகளை அழித்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. புதிதாகக் கற்பவர்கள் இந்தக் குறிகளைக் கண்டே அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டிய இடம் வேறு.

ஒரு பள்ளியில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் தேவையில்லை. அங்கே ஒரு முன்னாள் மாணவர் அகப்பக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் பார்க்கத்தக்கதாக மாற்றும் வேலையைத் தனிக் கிளையில் தொடங்கினார். பெரிய வேலை, ஏறக்குறைய மூன்று மாதங்கள் அந்தக் கிளை தனியாகவே வளர்ந்தது. அதே காலத்தில் இளம் ஆசிரியை ஒருவர், முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோருக்காக ஒரு விசாரணைப் படிவம் அமைத்தார். பெற்றோர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இட்டு அனுப்பினால், ஆசிரியர் ஒருவர் அவர்களை அழைத்துப் பேசுவார். படிவத்தைப் பெற்றுச் சேமிக்கும் நிரல் முன்பே தளத்தில் இருந்தது. அதில் எண்ணுக்குரிய புலத்தின் பெயர் ‘தெலிபோன்’ என்றிருந்தது. ஆசிரியை அந்தப் பெயரையே தம் படிவத்தில் பயன்படுத்தினார். முற்றிலும் சரியான செயல்.

மாணவரோ, இருமொழிக்கு ஏற்பப் பெயர்களைச் சீராக்கும்போது, அந்தச் சேமிக்கும் நிரலில் ‘தெலிபோன்’ என்பதை ‘நோ தெல்’ என மாற்றி, தளத்தில் அன்று இருந்த பழைய தொடர்புப் படிவத்தையும் அதற்கேற்பத் திருத்தினார். அதுவும் சரியான செயலே. அவர் பிரிந்தபோது ஆசிரியையின் படிவம் இல்லை.

இரண்டு கிளைகளும் ஒன்றிணைக்கப்பட்டன. ஆசிரியையின் படிவம் ஒரு கோப்பு. மாணவர் மாற்றிய நிரல் வேறொரு கோப்பு. வரிகள் எங்கும் முட்டவில்லை. கிட் ஒரு முணுமுணுப்பும் இன்றி ஒன்றிணைத்தது. பெற்றோர் படிவத்தை அனுப்பினர், ‘நன்றி’ என்று பக்கம் காட்டியது, பெயர் சேமிக்கப்பட்டது, எண்ணுக்குரிய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. சில வாரங்கள் கழித்து அழைப்பதற்காகப் பட்டியலைத் திறந்தபோதுதான், பெயர்கள் இருந்தும் எண் ஒன்றுகூட இல்லை என்பது தெரிய வந்தது. தமிழ்ப்பள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளையும் எத்துணை அரிது என்பதை இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. “நாங்கள் எழுதிக் கேட்டும் பள்ளியிலிருந்து யாரும் அழைக்கவில்லை” என்று ஒரு தாய் நினைத்திருந்தால், அவரை யார் குறை சொல்ல முடியும்?

இதில் மாணவரையோ ஆசிரியையையோ குறைகூற இடமில்லை. வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் குற்றமில்லை. சிறிய தளத்தில் எல்லா வேலையும் எல்லா வேலையையும் தொடத்தான் செய்யும். புலத்தின் பெயர் மாறியது என்ற செய்தி, மூன்று மாதங்கள் ஒரு கிளைக்குள் அடைபட்டுக் கிடந்ததே கேட்டின் வேர். பெயர் மாற்றத்தை மட்டும் ஒரு சிறு கிளையாகச் செய்து, அன்று மாலையே முதன்மைக் கிளையில் சேர்த்திருந்தால், அடுத்த வாரம் படிவத்தை எழுத அமர்ந்த ஆசிரியையின் கண்ணில் ‘நோ தெல்’ என்ற பெயரே பட்டிருக்கும். சிக்கல் தோன்றவே வாய்ப்பில்லை.

ஆகவே நான் வேண்டுவது இதுதான்: ஒரு கிளையின் ஆயுள் சில நாள்களாக இருக்கட்டும். வசதி முழுமையாக முடிய வேண்டும் என்று காத்திராமல், முடிந்த துண்டை முடிந்த அன்றே சேர்த்துவிடுங்கள். சேர்க்க இயலாத நாள்களில், குறைந்தது முதன்மைக் கிளையில் வந்த புதியவற்றையாவது உங்கள் கிளைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாவது முதலாவதற்கு ஈடாகாது. நீங்கள் பிறர் வேலையைப் பார்க்கிறீர்கள்; பிறர் உங்கள் வேலையைப் பார்ப்பதில்லை.

உடனே ஒரு கேள்வி வரும். “பாதி முடிந்த வேலையை எப்படி ஐயா பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் சேர்ப்பது?” நியாயமான கேள்வி. பக்கத்தைச் சேர்த்துவிடலாம், பட்டியலில் அதற்கான சுட்டியைச் சேர்க்காமல் இருக்கலாம். பல வேளைகளில் இதுவே போதும். இன்னும் பெரிய வேலை என்றால், அமைப்புக் கோப்பில் ஒரு சுவிட்ச் வைக்கலாம்: இருமொழி வசதி, ஆம் அல்லது இல்லை. ‘இல்லை’ என்றிருக்கும்வரை பார்வையாளருக்குப் பழைய தோற்றமே தெரியும். நிரலோ எல்லோர் கையிலும் இருக்கும். ஃபிளிக்கர் தளத்தின் பொறியாளர்கள் இம்முறையை 2009ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். தாங்கள் கிளைகளே இல்லாமல் பணிபுரிவதாகவும், முதன்மைப் படியையே ஒரு நாளில் பல முறை தளத்தில் ஏற்றுவதாகவும் அவர்கள் குறிப்பிட்டிருந்தனர். அத்துணைப் பெரிய தளத்துக்கே அது இயன்றது.

சுவிட்சுக்கும் ஆபத்து உண்டு. அதை மறைக்க மாட்டேன். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனமான நைட் கேப்பிடல், பழைய சுவிட்ச் ஒன்றையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியது. எட்டு வழங்கிகளில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே அந்தச் சுவிட்ச், பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரலைத் தட்டி எழுப்பியது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் 40 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பு. நம் பள்ளித் தளத்தில் பணம் போகாது. ஆனால் எவருக்கும் பொருள் தெரியாத நான்கைந்து சுவிட்சுகள் மட்டும் நிச்சயம் எஞ்சும்.

நான் மறுக்கும் அறிவுரை ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2010ஆம் ஆண்டு சனவரியில் வின்சென்ட் டிரீசன் என்பவர் ‘கிட்-ஃப்ளோ’ என்ற கிளை அமைப்பை வெளியிட்டார். முதன்மைக் கிளை, வளர்ச்சிக் கிளை, வசதிக் கிளைகள், வெளியீட்டுக் கிளைகள் என்று அழகான வண்ணப்படத்துடன் அது வந்தது. உலகமே அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டது எனலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின், 2020ஆம் ஆண்டு மார்ச்சில், அவரே அக்கட்டுரையின் மேல் ஒரு குறிப்புச் சேர்த்தார். இணையச் செயலிகள் தொடர்ந்து வெளியிடப்படுபவை. அவற்றின் பல பதிப்புகளை ஒரே காலத்தில் பேணத் தேவையில்லை. அத்தகைய குழுக்கள் இதைவிட எளிய முறையைக் கைக்கொள்வது நல்லது என்பது அக்குறிப்பின் சாரம். பெட்டியில் அடைத்து விற்கும் மென்பொருளுக்கு மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று உண்டு. பள்ளி அகப்பக்கத்துக்கு இன்று இணையத்தில் இருப்பது ஒன்றே பதிப்பு. எனினும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயிற்சிக் குறிப்புகளில் பழைய வண்ணப்படம் இருக்கிறது. பிற்காலக் குறிப்பு இருப்பதில்லை.

இனித் தமிழுக்கே உரிய சில இடர்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களில் இவை கிடைக்கா என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, நீண்ட பத்தி. நாம் தலைமையாசிரியர் உரையையும் பள்ளி வரலாற்றையும் சொற்செயலியில் தட்டெழுதி அப்படியே ஒட்டுகிறோம். ஒரு முழுப் பத்தியும் ஒரே வரியாகக் கோப்பில் அமர்ந்துவிடுகிறது. ஒருவர் அதில் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்துகிறார். மற்றவர் அதே பத்தியின் கடைசியில் ஆண்டைத் திருத்துகிறார். கிட்டின் கண்ணுக்கு இருவரும் ஒரே வரியை மாற்றியவர்கள், மோதல் வந்துவிடும். மாற்றங்களைச் சொல் சொல்லாகக் காட்டும் வசதி அதில் உண்டு; ஒன்றிணைப்போ வரிவாரியாகத்தான் நடக்கிறது. எனவே மூலக் கோப்பில் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதுங்கள். உலாவி அந்த வரிமுறிவை ஓர் இடைவெளியாகவே கொள்ளும். பார்வையாளருக்கு வேறுபாடு தெரியாது. இரண்டு பேர் ஒரே பத்தியில் வெவ்வேறு வாக்கியங்களைத் திருத்தும்போது மோதல் வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டையும் சமம் என்றே கொள்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிடும் கிட்டுக்கு அவை வேறுவேறு. விசைப்பலகை மென்பொருள் மாறினாலோ, வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டினாலோ இது நேரக்கூடும். “ஒரு எழுத்தும் மாறவில்லையே, ஏன் மோதல் காட்டுகிறது?” என்று திகைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வரிமுடிவுக் குறியும் அத்தகையதே. விண்டோஸ் ஒரு வகையாகவும் மற்ற இயங்குதளங்கள் வேறு வகையாகவும் வரியை முடிக்கின்றன. அதைச் சீராக்கும் அமைப்பைத் தொடக்கத்திலேயே களஞ்சியத்தில் வைக்காவிட்டால் முழுக் கோப்பும் மாறியதாகத் தோன்றும்.

மூன்றாவது, பழைய குறியீட்டில் உள்ள பக்கங்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திஸ்கியில் எழுதிய பக்கங்களை இன்னும் வைத்திருப்போர் உண்டு. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது நல்ல பணி. ஆனால் அது கோப்பின் தமிழ் வரிகள் அனைத்தையும் மாற்றும் பணி. அதே வேளையில் வேறொருவர் கிளையில் அப்பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தால், ஒன்றிணைப்பு நாள் கொடிய நாளாகும். திறந்த கிளைகளை எல்லாம் சேர்த்து முடித்துவிட்டு, குறியீட்டு மாற்றத்தை மட்டும் தனிப் பதிகையாகச் செய்து, வேறு திருத்தம் எதையும் அதில் கலக்காமல் அன்றே அனைவருக்கும் கொடுத்துவிட வேண்டும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் அந்தப் பதிகையில் கை வைக்காதீர்கள். ஆசிரியர்களுக்கு இது கடினம், எனக்குத் தெரியும்.

பதிகைக் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். கிட் தடை சொல்லாது. கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் பட்டியலில் எண்களின் குவியலாகக் காட்டும். ‘கோர்.குவோட்பாத்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். குறிப்பில் ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல் எழுதுவோரை மட்டும் நான் விடமாட்டேன். ‘தொலைபேசிப் புலத்தின் பெயரை நோ தெல் என மாற்றினேன்; மற்ற படிவங்களும் மாற வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி, அன்றே அதை ஒன்றிணைத்திருந்தால், அந்தப் பள்ளியின் பட்டியலில் எண்கள் இருந்திருக்கும்.

ஒன்றிணைப்பை யார் செய்வது? கிட் நன்கு தெரிந்தவர் செய்யட்டும் என்று முன்னாள் மாணவரிடம் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு நிரல் தெரியும். படிவம் எதற்காக வந்தது என்பது ஆசிரியைக்கே தெரியும். இருவரும் ஒரே மேசையில் அமர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கைப்பேசியில் பேசிக்கொண்டே செய்யலாம். சேர்த்த பின், தளத்தை ஒரு பெற்றோரைப் போலத் திறந்து, தம் எண்ணையே படிவத்தில் இட்டு அனுப்பி, பட்டியலில் அது வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன பள்ளியில் இப்பொழுது ஒவ்வொரு ஒன்றிணைப்புக்குப் பின்னும் அந்த ஆசிரியை இதைச் செய்கிறார். இரண்டு நிமிட வேலை.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்னர் ஒருமுறை கிளைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் எவரும் தொடாத கிளைகள் இருக்கும். அதற்குரியவரை அப்பொழுதே அழைத்து, பயன்படும் துண்டுகளைச் சேர்த்துவிட்டு, மற்றதை அழித்துவிடச் சொல்லுங்கள். அவர் படிப்பை முடித்து வேலைக்காக வேறு மாநிலம் போன பிறகு கேட்டால், அந்தக் கிளையில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே மறந்து போயிருக்கும்.